சோலார் வீதி படிக்க ஆசைப்படும் தம்பிக்கு

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் மகன், வீதியில் சோலார் பனல் பதித்து மின்சாரம் எடுக்கும் துறைக்குத்தான் போவேன் என்று நிற்கிறார், உங்களுக்கு நித்திரை வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயத்தில் பாதி நியாயம்தான். பிரான்ஸின் நார்மண்டியில் 2016 டிசெம்பரில் 50 இலட்சம் யூரோ செலவில் ஒரு கிலோமீற்றர் வீதிக்குப் பனல் பதித்தார்கள். எதிர்பார்த்த அளவு மின்சாரம் வரவில்லை. பனல்கள் உடைந்து, பிறகு ஒரு பகுதியைக் கழற்றவும் வேண்டியதாயிற்று. இந்த ஒன்றை மட்டும் நம்பிப் படித்தால் வேலை கிடைப்பது கஷ்டம்.

ஆனால் ஆசையை அணைத்துவிடாதீர்கள். அது ஏன் சரிவரவில்லை என்பதில்தான் படிப்பே இருக்கிறது. நார்மண்டி பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 49 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே சூரியன் தாழ்வாகவே போகும். தட்டையாகக் கிடக்கும் பனலுக்கு வெயில் சரிவாகத்தான் விழும். கொழும்பு 7 பாகையில் இருக்கிறது, மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே. அப்படியானால் காலி வீதியில் தட்டையாகப் பதித்தால் நட்டம் குறைவா? சரி, சூடு? பனல் ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.4 வீதம் மின்சாரம் குறையும். கூரைப் பனலுக்குக் கீழே காற்று ஓடும், வீதியில் ஓடாது. அதோடு லொறிப் பாரம், தூசி, வாகன நிழல். இதைத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். கொப்பியை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தால், அது உண்மையான ஆர்வம்.

தென்கொரியாவில் தேஜோன், செஜோங் நகரங்களுக்கு இடையிலான பெருவீதியின் நடுவே சைக்கிள் பாதை ஓடுகிறது. அதற்குப் பனலாலேயே கூரை போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம். இதற்கு மின்பொறியியலும் வேண்டும், குடிசார் பொறியியலும் வேண்டும். அதனால் பட்டத்தை அகலமாக எடுக்கட்டும்: மொறட்டுவ, பேராதனை, கிளிநொச்சியில் உள்ள யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், எதுவும் நல்லது. இசட் புள்ளி போதாவிட்டால் நாவலயில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது.

பரீட்சை முடிந்து முடிவு வரும்வரை சும்மா இருக்க விடாதீர்கள். 2016இல் அரசு தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரை மின்சாரத் திட்டத்துக்குப் பிறகு கொழும்பில் கூரைச் சோலார் பொருத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு கூரையில் ஏறி வயரிங் பழகட்டும். பொறியியலாளராகப் போகிறவருக்கு அது குறைச்சல் இல்லை, அம்மா.

இப்போதைக்குப் பௌதிகவியலில் வெப்பமும் மின்னியலும் நன்றாகப் பிடிபட வேண்டும். ஒரு ஞாயிறு டியூஷன் முடிந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தக் காலி வீதிக் கணக்கையும் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும்.