தோற்ற பிட்சருக்கு விருது உண்டா?

வணக்கம்.

நண்பர்கள் சேர்ந்து ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற மேஜை விளையாட்டின் அட்டைகளையும் பகடைகளையும் வைத்து ஒரு பேஸ்பால் லீக் நடத்துகிறோம். இந்த சீசனிலிருந்து மிகச் சிறந்த ஆட்டங்களுக்கு ஒரு விருது கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். உடனே சண்டையும் வந்துவிட்டது. ஒரு பிட்சர் (பந்து எறிபவர்) நோ-ஹிட்டர் போட்டு ஜெயித்தார், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பேட்டர் அடித்து பேஸுக்குப் போவது) கொடுக்கவில்லை: 4 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), 5 வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக பேஸுக்குப் போவது). இன்னொருவர் 9 இன்னிங்ஸும் போட்டு 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒரு வாக்கூட இல்லை, 3 ஹிட்தான். அந்த மூன்றில் ஒன்று கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் ஆகி, 0-1 என்று தோற்றார். விருது யாருக்கு? இதற்கு நடுவில் ஒரு நண்பர், "பகடை உருண்டதற்கெல்லாம் எதற்கு விருது?" என்று கேட்கிறார்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் இல்லையென்றால் மற்றதைப் பேசுவதில் பொருளே இல்லை.

நீங்கள் உருட்டும் மூன்று பகடைகளில் ஒன்று, எந்த அட்டையைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டை. 4, 5, 6 என்றால் பிட்சரின் அட்டை. அந்த அட்டையில் இருப்பது ஒரு மனிதர் ஒரு சீசன் முழுக்க மைதானத்தில் ஆடிக் காட்டியதன் கணக்கு. பகடை எல்லோருக்கும் ஒன்றுதான், அட்டை ஒன்றல்ல. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். எதிரணி பேட்டர் பேஸுக்குப் போகும் வாய்ப்பு 32 சதவீதம் என்றால், 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கி பெர்ஃபெக்ட் கேம் போடுவது ஏறக்குறைய 33,000-ல் ஒரு தடவை நடக்கும். அதை 25 சதவீதத்துக்கு இறக்கும் பிட்சர் என்றால் சுமார் 2,400-ல் ஒரு தடவை. அந்த பிட்சரை டிராஃப்டில் (அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது) எடுத்ததும், அன்றைக்கு அவரை இறக்கியதும், பின்னால் நல்ல ஃபீல்டர்களை நிறுத்தியதும் உங்களில் ஒருவர். அதிர்ஷ்டமும் உண்டுதான். மைதானத்தில் ஆடுகிறவர்களுக்கும் அது உண்டு, அதற்காக யாரும் அவர்களைப் பாராட்டாமல் விடுவதில்லை.

சரி, விருது யாருக்கு? பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய, பிட்சரின் ஒரு ஆட்டத்தை மதிப்பிடும் கேம் ஸ்கோர் என்ற கணக்கு இதற்கு நன்றாக உதவும். 50-ல் தொடங்குங்கள். ஒவ்வொரு அவுட்டுக்கும் 1, நான்காவதுக்குப் பிறகு முடிக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் 2, ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 1 கூட்டுங்கள். ஹிட்டுக்கு 2, பிட்சர் கணக்கில் சேரும் ரன்னுக்கு 4, மற்ற ரன்னுக்கு 2, வாக்குக்கு 1 கழியுங்கள். உங்கள் நோ-ஹிட்டருக்கு 86 வருகிறது. தோற்றவருக்கு 94! 1956 வேர்ல்ட் சீரிஸில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) டான் லார்சன் போட்ட பெர்ஃபெக்ட் கேமுக்கும் இதே 94தான். 1998-ல் கெர்ரி வுட் 20 ஸ்ட்ரைக் அவுட் எடுத்த ஆட்டத்துக்கு, ஒரு ஹிட் கொடுத்தும், 105.

ஆனாலும் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1959 மே 26-ல் பிட்ஸ்பர்க் பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸ் மில்வாக்கிக்கு எதிராக 12 இன்னிங்ஸ், அதாவது 36 பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். அவருடைய அணி ஒரு ரன் எடுத்துக் கொடுக்கவில்லை. 13-வது இன்னிங்ஸில் ஒரு ஹிட் விழுந்து ஆட்டம் கைவிட்டுப் போனது, 0-1 என்று தோற்றார். 1991-ல் ஆட்டம் முடியும்வரை ஒரு ஹிட்டும் இருக்கக் கூடாது என்று நோ-ஹிட்டருக்கு விதியை இறுக்கியபோது அந்த ஆட்டம் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம் பெறவில்லை. விதிப்படி சரிதான். எனக்கு மட்டும் அது மனசுக்கு ஒப்பவே இல்லை. பேஸ்பாலை நேசிக்கிறவர்கள் அந்த ராத்திரியை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய லீக்குக்குப் பட்டியலைக் காக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது, உங்களுக்கு அது இல்லை. உங்கள் விதியை நீங்களே எழுதலாம். வெற்றி தோல்வியைப் பார்க்காமல், ஆட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

அந்த ராத்திரி எதிரில் நின்ற லூ பர்டெட்டும் 13 இன்னிங்ஸ் போட்டார். 12 ஹிட் கொடுத்தார், ஒரு ரன்கூட விடவில்லை. பெரிய ஆட்டங்களில் இப்படி இன்னொருவர் கூடவே நிற்பார். அவருக்கும் இடம் வேண்டும்.

எப்படிக் கௌரவிப்பது என்று கேட்டால், கோப்பையைவிட எழுத்துதான் முக்கியம் என்பேன். ஆட்டம் முடிந்த அதே வாரம், பாக்ஸ் ஸ்கோரோடு (ஆட்டத்தின் எண் பட்டியல்) அரைப் பக்கம் எழுதி வைத்துவிடுங்கள். எந்த பேட்டரிடம் திணறினார், எப்போது மேனேஜர் அவரை மாற்ற யோசித்தார், எந்தப் பகடை விழுந்தபோது மேஜையைச் சுற்றி சத்தம் போட்டீர்கள். சீசன் முடிந்து ஓட்டுப் போடும்போது எண்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும், இதெல்லாம் மறந்து போயிருக்கும். அப்புறம், விருதுக்குப் பெயர் தேடும்போது வெளியே போக வேண்டாம். பழைய பெரிய பிட்சர் சை யங் 1955-ல் இறந்தார், அடுத்த வருஷமே சிறந்த பிட்சருக்கு அவர் பெயரில் விருது வந்தது. உங்கள் லீக்கின் பழைய சீசன்களிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

இந்தத் தடவை என் ஓட்டு 17 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவருக்கு. நோ-ஹிட்டர் போட்டவருக்கும் தனியாக ஒரு அரைப் பக்கம் எழுதுங்கள், அதற்கு அவர் முழுத் தகுதி உள்ளவர். கடைசி இன்னிங்ஸில் அந்த ஹோம் ரன்னை அடித்த பேட்டரின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.