சீஸும் சாண்ட்விச்சும் – கடிதம்

வணக்கம்.

உணவைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு சந்தேகம். என் மகளுக்கு 14 வயது. பால் குடிக்கவே மாட்டாள், ஆனால் சீஸ் பிடிக்கும். மாலையில் ரொட்டியோடு ஒரு துண்டு கொடுத்து வந்தேன். சமீபத்தில் ஒரு ஊட்டச்சத்து அட்டவணை கண்ணில் பட்டது. 100 கிராம் செடார் சீஸில் 400 கலோரி, 33 கிராம் கொழுப்பு என்று போட்டிருந்தது. துரித உணவுக் கடைகளில் விற்கும் பெரிய பர்கர் சாண்ட்விச்சில் அதே 100 கிராமுக்கு 260 கலோரிதான், கொழுப்பு 15 கிராம். அன்றோடு சீஸ் வாங்குவதை நிறுத்திவிட்டேன். கொழுப்பு பாதிதானே என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவள் கேட்கும் சாண்ட்விச்சையே வாங்கிக் கொடுக்கிறேன். என் கணக்கு சரியா? அந்தச் சாண்ட்விச்சுக்குள் வைக்கும் சீஸும் நான் கட்டியாக வாங்கியதும் ஒன்றுதானா? வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் மாமனார் இருக்கிறார், அவருக்குச் சீஸ் கொடுக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் பார்த்த எண்கள் சரி. அவற்றை வைத்து எடுத்த முடிவுதான் சரியில்லை. மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். பால் குடிக்காத பெண், எலும்பு வேகமாக வளரும் வயது, அவளுக்குக் கால்சியம் தந்துகொண்டிருந்த ஒரு பொருளை ஓர் அட்டவணையைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். இதைப் படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை.

முதலில் அந்த 100 கிராமைப் பார்ப்போம். அட்டவணை போடுகிறவர்களுக்கு அது வசதியான அளவு. ஆனால் தட்டில் அந்த அளவு வருவதில்லை. நீங்கள் மகளுக்குக் கொடுத்த துண்டு தீப்பெட்டி அளவு இருந்திருந்தால் 30 கிராம். அதில் சுமார் 120 கலோரி, 7 கிராம் புரதம், 10 கிராம் கொழுப்பு, 200 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம், சோடியம் 190 மில்லிகிராம். பெரிய பர்கரையோ யாரும் 100 கிராமோடு நிறுத்திவிட்டு மீதியை மடித்து வைப்பதில்லை. இரண்டு இறைச்சி வில்லைகளும் சாஸும் வைத்த வழக்கமான பர்கர் முழுதாக 200 கிராமுக்கு மேல் இருக்கும். 550 முதல் 600 கலோரி, 30 கிராமோ அதற்குச் சற்று மேலோ கொழுப்பு, 25 கிராம் புரதம், 45 கிராம் மாவுச்சத்து, ஏறக்குறைய 1000 மில்லிகிராம் சோடியம். நீங்கள் பாதி என்று நினைத்த கொழுப்பு, அவள் வயிற்றுக்குள் போகும்போது மூன்று மடங்காகிவிட்டது.

அட்டவணையில் சீஸ் அப்படிப் பயமுறுத்துவதற்குக் காரணம் தண்ணீர்தான். சீஸ் செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளங்கிவிடும். பாலை இளஞ்சூடாக்கி, நுண்ணுயிரிகளைச் சேர்த்து லேசாகப் புளிக்கவிட்டு, பாலை உறையவைக்கும் ரென்னட் என்ற நொதியை ஊற்றுவார்கள். சற்று நேரத்தில் தொட்டி முழுதும் உறைந்து நிற்கும். கம்பிகள் கட்டிய கத்தியால் அதைக் குறுக்கும் நெடுக்குமாக அறுப்பார்கள். அறுத்த கணமே ஒவ்வொரு துண்டிலிருந்தும் பச்சை ஓடிய மஞ்சள் நீர் கசியத் தொடங்கும். சூடேற்றிக் கிளறக் கிளறத் துண்டுகள் சுருங்கிச் சுருங்கிக் கடலை அளவுக்கு வந்துவிடும், தொட்டியில் பெரும்பகுதி அந்த நீர்தான் இருக்கும். அதை வடித்துவிட்டு, மிஞ்சியதற்கு உப்புப் போட்டு அழுத்தினால் 10 லிட்டர் பாலுக்குச் சுமார் 1 கிலோ கட்டி கிடைக்கும். பாலில் இருந்த சர்க்கரையான லாக்டோஸ் பெரும்பாலும் வடித்த நீரோடு போய்விடும். மிஞ்சியதையும், கட்டி முதிரும்போது நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு முதிர்ந்த சீஸ் தொல்லை தராதது இதனால்தான். கேசின் என்ற புரதம், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கால்சியம், கொழுப்பு, இவை கட்டியில் தங்கிவிடும். செடாரில் கடைசியில் நிற்கும் தண்ணீர் 37 சதவீதம்தான். பர்கரில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ரொட்டி, வெங்காயம், கீரை இலை, சாஸ் எல்லாவற்றிலும் இருக்கும் நீர் அந்த 260 கலோரிக் கணக்கில் கலந்திருக்கிறது.

சரி, எடையை விட்டுவிட்டுக் கலோரியைச் சமமாக வைத்துப் பார்க்கலாம். 400 கலோரிக்கு 100 கிராம் செடார். அதில் 24 கிராம் புரதம், 700 மில்லிகிராம் கால்சியம், 33 கிராம் கொழுப்பு. அதே 400 கலோரிக்குப் பர்கரில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. புரதம் 17, 18 கிராம், கொழுப்பு 22 கிராம். சோடியம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தக் கணக்கில் புரதத்திலும் கால்சியத்திலும் சீஸ் முந்துகிறது, கொழுப்பில் பர்கருக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. எடைக்கு ஒரு விடை, துண்டுக்கு ஒரு விடை, கலோரிக்கு ஒரு விடை. எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்ப வெற்றி மாறும். அதனால், எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இந்தப் பொருளை நம் வீட்டில் எவ்வளவு சாப்பிடுகிறோம், எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம் என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டில் 30 கிராம் சீஸ் இருந்த இடத்தில் ஒரு முழுச் சாப்பாடு வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சிக்கல் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. பிரான்ஸில் 2017இல் நியூட்ரி-ஸ்கோர் என்ற முத்திரையைக் கொண்டுவந்தார்கள். உணவுப் பொட்டலத்தின் முன்பக்கம் பச்சையிலிருந்து சிவப்பு வரை ஐந்து நிறங்களில் மதிப்பெண். அதுவும் 100 கிராம் கணக்குதான். கலோரி, நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்குப் பாதகப் புள்ளிகள். அவை ஓர் அளவைத் தாண்டிவிட்டால், பொதுவாகப் புரதத்துக்குக் கிடைக்கவேண்டிய நல்ல புள்ளியைச் சேர்க்கமாட்டார்கள். சீஸுக்கு மட்டும் அதில் விலக்கு கொடுத்தார்கள். எத்தனை பாதகப் புள்ளி வந்தாலும் அதன் புரதம் கணக்கில் சேரும். சீஸில் புரதம் இருக்கும் இடத்தில்தான் கால்சியமும் இருக்கிறது, அதைக் கணக்கு கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பது காரணம். அப்படியும் பல பாரம்பரியச் சீஸ் வகைகள் ஆரஞ்சு, சிவப்பில்தான் விழுந்தன. நீல நரம்போடும் ரோக்ஃபோர் சீஸ் செய்கிறவர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் சொன்ன வாதங்களில் வியாபாரமும் இருந்தது, ஆனால் அதை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை என்ற வாதம் நியாயமானது.

சீஸை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிப்பதாக எண்ண வேண்டாம். 30 கிராம் செடாரில் 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கான ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். அதாவது ஒரு சிறு துண்டே கால்வாசியைத் தொட்டுவிடுகிறது. பர்கர் ஏறக்குறைய பாதியைத் தொடுகிறது. ஒரே அளவு கொழுப்பை வெண்ணெயாகவும் சீஸாகவும் கொடுத்துச் சோதித்த ஆய்வுகளில், சீஸ் சாப்பிட்டபோது ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பு வெண்ணெய் அளவுக்கு ஏறவில்லை. இது ஆறுதலான செய்தி. ஆனால் துருவிய சீஸை உணவின் மேல் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினால் 100 கிராம் சீக்கிரமே வந்துவிடும். அப்போது உங்கள் அட்டவணை சொன்னது அப்படியே உண்மையாகிவிடும்.

பர்கரிலும் சொல்ல வேண்டிய நன்மை உண்டு. மாட்டிறைச்சி வைத்தது என்றால் அதில் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்தும் துத்தநாகமும் இருக்கின்றன. சீஸில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். நார்ச்சத்து கிடையாது, வைட்டமின் சி கிடையாது. உங்கள் மகள் வயதில் மாதவிடாய் தொடங்கியிருக்கும், இரும்புக்கு அவள் சீஸை நம்பியிருக்க முடியாது. பருப்பு, கீரை, முட்டை, இறைச்சி, உங்கள் வீட்டில் எது ஓடுமோ அதை மதியச் சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பர்கரில் கவலை தருவது வேறு. அது தனியாக வருவதில்லை. கூடவே பொரித்த உருளைக்கிழங்கும் குளிர்பானமும் வரும், 600 கலோரி 1000ஐத் தாண்டிவிடும். இன்னொன்று வேகம். மெத்தென்ற ரொட்டி, அரைத்த இறைச்சி, வழுக்கும் சாஸ். மெல்ல ஒன்றுமே இல்லை, வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போவதற்குள் தட்டு காலி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றும் விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். 100 கிராம் அட்டவணை எதிலும் இது தெரியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சாண்ட்விச்சுக்குள் இருப்பது பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ். நல்ல முதிர்ந்த செடாரைச் சூடான கல்லில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் எண்ணெய் கசிந்து, நடுவில் பிசுபிசுவென்று திரிந்து நிற்கும். பதப்படுத்திய சதுர வில்லை எண்ணெய் விடாமல் வழவழவென்று பரவும். இந்த வித்தை சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் 1911இல் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஷ்டெட்லர் என்ற இருவர் செய்து காட்டியது. சீஸோடு சிட்ரேட் உப்பைச் சேர்த்துச் சூடாக்கினால், அது புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பிடி விட்ட புரதம் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். கால்சியம் சீஸை விட்டு எங்கும் போவதில்லை, சத்தும் கிடைக்கும். ஆனால் சேர்க்கும் உப்புகள் பெரும்பாலும் சோடியம் உப்புகள் என்பதால், இந்த வில்லைகளில் 100 கிராமுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டிச் சோடியம் இருப்பது சாதாரணம். செடாரைப் போல இரண்டு மடங்கு. வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பால், உப்பு, நுண்ணுயிரி, ரென்னட் என்று நான்கு வரியில் முடிந்தால் அது நேரான சீஸ்.

நேரான சீஸ் எல்லாமும் ஒன்றில்லை. கிரீம் சீஸில் 100 கிராமுக்கு 34 கிராம் கொழுப்பு, புரதம் 6 கிராம்தான், கால்சியம் 100 மில்லிகிராமைத் தாண்டுவதே கஷ்டம். பெயரில் சீஸ் இருந்தாலும் உங்கள் மகளுக்கு அது உதவாது. காட்டேஜ் சீஸில் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் 11 கிராம், ஆனால் கால்சியம் 80 சொச்சம். அதில் பால் பெரும்பாலும் புளிப்பினால் உறைகிறது, அந்த அமிலம் கால்சியத்தைக் கரைத்து நீரோடு அனுப்பிவிடுகிறது. கொழுப்புக் குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து இதற்கு மாறிவிடாதீர்கள். கால்சியம் வேண்டுமென்றால் ரென்னட்டில் உறைந்த கெட்டிச் சீஸ்தான் வேண்டும். பதின்பருவத்தினருக்கு ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கால்சியம் என்று உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து பரிந்துரைத்திருக்கின்றன. உங்கள் பழைய மாலைத் துண்டு அதில் ஆறில் ஒரு பங்கைத் தந்துகொண்டிருந்தது. நாளைக்கே திரும்பத் தொடங்குங்கள். அதே ரொட்டி, அதே 30 கிராம், கூட வெள்ளரியோ தக்காளியோ வைத்து வீட்டிலேயே சாண்ட்விச்சாகக் கட்டிக் கொடுங்கள். கடைச் சாண்ட்விச் எப்போதாவது தோழிகளோடு போகும்போது சாப்பிடட்டும், அதற்குத் தடை போட வேண்டாம். அன்று குளிர்பானத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

மாமனாருக்குக் கொழுப்பைவிட முதலில் பார்க்க வேண்டியது சோடியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, உப்பாகச் சொன்னால் 5 கிராம். ஒரு பர்கர் அதில் பாதியை ஒரே வேளையில் தின்றுவிடும், அது அவருக்கு வேண்டாம். சீஸிலும் ஃபெட்டா, பார்மெசான், பதப்படுத்திய வில்லை மூன்றையும் தள்ளிவையுங்கள், மூன்றும் உப்பு மிகுந்தவை. துளை விழுந்த எமென்டால் போன்ற சுவிஸ் வகையில் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் சோடியம்தான், ஒரு சிறு துண்டில் 60 அளவுக்குத்தான் வரும். அது கிடைத்தால் அவ்வப்போது கொடுக்கலாம். சிறுநீரகத்திலும் அவருக்குக் குறை இருந்தால், சீஸில் உள்ள பாஸ்பரஸையும் கணக்கில் எடுக்க வேண்டிவரும். அப்படியென்றால் கொடுக்கும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.