மாட்டுக்குக் காசநோய் காட்டு விலங்கிடமிருந்துதான் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் வேலை பார்க்கிறேன். பாதி நாள் மாட்டுக் காசநோய்ப் பரிசோதனைதான். கழுத்தில் இரண்டு இடத்தில் முடியை வெட்டிவிட்டு, மேலே பறவைக் காசநோய் டியூபர்குலின், கீழே மாட்டுக் காசநோய் டியூபர்குலின் போடுவோம். டியூபர்குலின் என்பது காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதம். மூன்று நாள் கழித்துப் போய்த் தோலை மடித்து காலிப்பரில் அளப்போம். மேல் தடிப்பைவிடக் கீழ்த் தடிப்பு மிஞ்சிப் பெரிதாக இருந்தால் அந்த மாட்டை வைத்திருக்க முடியாது. நான் வாய் திறக்கும் முன்பே பண்ணைக்காரருக்குப் புரிந்துவிடும். அடுத்து அவர் கேட்பது: "பேட்ஜரா?"

பேட்ஜர், நீர்நாய்க்கு உறவு. வளை தோண்டிக் கூட்டமாக வாழும். காசநோய் தாக்கிச் செத்த பேட்ஜர் 1971இல் முதன்முதலாகக் கிடைத்தது இந்த மாவட்டத்தில்தான். அன்று விழுந்த பழி இன்னும் போகவில்லை.

எந்தக் கூட்டம் எந்த மேய்ச்சல் நிலத்துக்குப் போகிறது என்று பார்க்க, நிலக்கடலையைப் பாகில் பிசைந்து, அதில் வண்ணப் பிளாஸ்டிக் மணிகளைக் கலந்து வளை வாசலில் வைப்பார்கள். வளைக்கு ஒரு நிறம். பிறகு வேலியோரங்களில் பேட்ஜர்கள் மலம் கழிக்கும் குழிகளைக் கிளறி மணிகளைத் தேட வேண்டும். பக்கத்தில் உள்ள உட்செஸ்டர் பார்க்கில் 1970களிலிருந்து பேட்ஜர்களைப் பிடித்து, சோதித்து, விட்டு வருகிறார்கள்.

யார் யாருக்குக் கொடுத்தது என்பதைச் சொல்வது கிருமியின் மரபணுவரிசை. சுமார் 43 லட்சம் எழுத்து. சில வருடத்துக்கு ஒரு எழுத்துதான் மாறும். அதனால் இந்த மாட்டுக்கு இந்த பேட்ஜர் என்று விரல் நீட்ட முடியாது, வம்சாவளியைத்தான் வரையலாம். உட்செஸ்டரில் அப்படி வரைந்து 2019இல் வெளியிட்டார்கள். மாட்டிலிருந்து பேட்ஜருக்குப் போனதைவிட பேட்ஜரிலிருந்து மாட்டுக்கு வந்தது அதிகம். ஆனால் மாட்டுக்கு மாடு, பேட்ஜருக்கு பேட்ஜர் பரவியது அதைவிட அதிகம்.

கொன்றால் தீருமா? 1998 முதல் 2005 வரை சுமார் 11,000 பேட்ஜர்களைக் கொன்று பார்த்தார்கள். கொன்ற பகுதிக்குள் மாட்டு நோய் குறைந்தது, எல்லைக்கு வெளியே கூடியது. கூட்டம் கலைந்து, மிஞ்சியவை நோயோடு அலைந்ததுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு அந்த முடிவு இன்றும் வலிக்கிறது.

வடக்கே கம்ப்ரியாவில் கதையே வேறு. அங்கே மாட்டிலும் பேட்ஜரிலும் கிடைத்தது வடக்கு அயர்லாந்து வகைக் கிருமி. பேட்ஜர் கடலைத் தாண்டி வந்திருக்காது. விலைக்கு வாங்கிய மாட்டோடு வந்து, பிறகு பேட்ஜருக்குத் தொற்றியிருக்கிறது. அதனால் "பேட்ஜரா?" என்று கேட்பவரிடம், கடைசியாக மாடு எங்கே வாங்கினீர்கள் என்று நான் முதலில் கேட்கிறேன்.