லெமான் கார்களைப் பற்றிக் கேளுங்க: கேள்வி பதில்

பீன்யாவில் கார்பன் ஃபைபர் பட்டறை ஒன்றில் வேலை. பிரான்ஸில் நடக்கும் லெமான் 24 மணி நேரப் பந்தயம் என்றால் பைத்தியம். நம்ம பெங்களூரு ஆட்கள் கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அல்சூர் தம்பி: அண்ணா, புரோட்டோடைப்னா மாதிரி கார்தானே? அப்புறம் ஏன் அதையே வருஷக்கணக்கா ஓட்டறாங்க?

பெயரால் வந்த குழப்பம் தம்பி. இது ஷோரூமுக்கு வரப்போற காரோட மாதிரி இல்லை, பந்தயத்துக்குன்னே பிறந்தது. கடையில் விற்கிற காரைத் திருத்தி ஓட்டினால் அது ஜிடி. ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி மாதிரி தெருவிலிருந்து மேலே ஏறி வந்ததும் உண்டு, ஆனா அபூர்வம்.

ஜாலஹள்ளி அக்கா: எல்எம்எச், எல்எம்டிஎச்னு என் பையன் உயிரை வாங்கறான். என்னப்பா அது?

ரெண்டும் லெமானோட உச்சப் பிரிவில் ஓடற புரோட்டோடைப் ரகங்கள் அக்கா. எல்எம்எச் என்றால் முழுக் காரும் கம்பெனியோட சொந்த வடிவமைப்பு. 2023, 2024, 2025 மூணு வருஷமும் லெமானில் ஜெயிச்ச ஃபெராரி 499பி அந்த ரகம். எல்எம்டிஎச்சில் சேசிஸை, அதாவது காரோட அடிக்கூட்டை, டல்லாரா, ஓரேகா, லிஜியே, மல்டிமேட்டிக் நாலு பேரில் ஒருத்தர்கிட்ட வாங்கணும். இன்ஜினுக்குத் துணையா இருக்கிற மின்சார ஹைபிரிட் பாகங்களும் எல்லாருக்கும் ஒன்றே. இன்ஜினும் மேல் உடம்பும்தான் கம்பெனியோடது. போர்ஷே 963 மல்டிமேட்டிக் சேசிஸ், பிஎம்டபிள்யூவும் காடிலாக்கும் டல்லாரா. எல்லாம் செலவைக் கட்டுப்படுத்தத்தான்.

கோரமங்களா நண்பர்: ரெண்டு ரகத்துக்கும் சக்தி சுமார் 500 கிலோவாட், எடை குறைந்தது 1030 கிலோன்னு விதியே சொல்லிடுது. இன்ஜினியருக்கு என்னங்க வேலை?

இதுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். வேகமா ஓடற கார் நிறைய பேரால செய்ய முடியும். இருபத்து நாலு மணி நேரம் ஓடி, நடுவில் அடிபட்டாலும் சட்டுனு எழுந்து நிற்கிற கார் செய்யறதுதான் கலை. ஆடி ஆர்8 பந்தயக் காரில் கியர்பாக்ஸ் போனால், பின்பக்கத்தையே மொத்தமா கழற்றிச் சில நிமிஷத்தில் வேற மாட்டிடுவாங்க. அந்தக் கார் 2000க்கும் 2005க்கும் நடுவே அஞ்சு தடவை ஜெயிச்சதுக்கு இதுவும் காரணம்.

எதிர்ப்பக்கம் பாருங்க, 2016 டொயோட்டா. முன்னணியில் ஓடிக்கிட்டிருந்த கார், முடிய மூணு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது நேர்ப்பாதையில் நின்னுடுச்சு. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே காற்றுக் குழாய் இணைப்பில் கோளாறு. தட்டுத்தடுமாறிக் கோட்டைக் கடந்தும், கடைசிச் சுற்றுக்கு விதிச்ச ஆறு நிமிஷத்தைத் தாண்டிட்டதால் முடிவுப் பட்டியல்லயே இடம் இல்லை. போர்ஷேவுக்குக் கோப்பை. நான் பார்ட்டைக் கடைசியா ஒரு தடவை தடவிப் பார்க்காம அனுப்பமாட்டேன், அதுக்கு அந்தக் குழாய்தான் காரணம்.

பனசங்கரி தம்பி: நம்ம ஆளுங்க ஓட்டியிருக்காங்களா?

சென்னைக்காரர் கருண் சந்தோக், 2012இல் ஓட்டி மொத்தத்தில் ஆறாவது. கோவை நரேன் கார்த்திகேயன் 2009இல் போனார், பந்தயத்துக்கு முன்னாடியே தோள்பட்டை பிசகிடுச்சு, பாவம். நம்ம ஊர் அர்ஜுன் மைனி 2019இல் எல்எம்பி2, அதாவது உச்சப் பிரிவுக்கு அடுத்த புரோட்டோடைப் பிரிவில், கார் ஓட்டினார்.

மெக்கானிக்கல் மூணாம் வருஷ மாணவி: சார், இதில் வேலைக்குப் போக எங்கே தொடங்கறது?

காலேஜில் ஃபார்முலா ஸ்டூடண்ட் டீம், அதாவது மாணவர்களே பந்தயக் கார் செஞ்சு போட்டி போடற டீம், இருந்தா சேர்ந்துடும்மா. ஃபார்முலா பாரத் போட்டி கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும். மார்க் ஷீட்டை விட, உடைஞ்ச சஸ்பென்ஷனை ராத்திரியோட ராத்திரியா சரிபண்ணின கதை இன்டர்வியூவில் பேசும்.

ஜாலஹள்ளி அக்கா மறுபடியும்: ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணுமா?

வேண்டாங்க்கா. நமக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு ஆரம்பம். ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு பையனைப் படுக்க வெச்சிடுங்க. அங்கே விடியறப்போ இங்கே ஞாயிறு காலை ஒன்பது, ஒன்பதரை. தோசைக் கல்லைப் போட்டுட்டு எழுப்புங்க.