ஜிப்சிக்கு ரோல் கேஜ் வேண்டுமா?

கேள்வி: என் பழைய மாருதி ஜிப்சி ஜீப்பின் கூரை கழற்றக்கூடியது. அல்சூரிலிருந்து தினமும் ஒயிட்ஃபீல்டுக்கு ஓட்டுகிறேன். ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) மாட்டலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: முழுக் கூண்டு வேண்டாம் சார். ரேஸ்காரர் ஹெல்மெட் போட்டிருப்பார். நீங்கள் வெறுந்தலை. டின் ஃபேக்டரி நெரிசலில் யாராவது பின்னால் இடித்தாலே மண்டை குழாயில் மோதும். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் அந்தக் குழாய்மேல் ஏசி குழாய் ஸ்பாஞ்சைச் சுற்றித் தந்தால் மயங்காதீர்கள். விரலால் அமுக்கினாலே தட்டையாகிவிடும். ஆசை விடவில்லையா, சரி, இருக்கைக்குப் பின்னால் ஒரே வளைவு போதும். எஃப்ஐஏ (உலக கார் பந்தய அமைப்பு) விதிப்படி இந்தப் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனமுள்ள தையலில்லாக் குழாய் வேண்டும். கிரில் கேட் குழாயெல்லாம் ஆகாது! அடிக்கால் சேஸிஸில் நிற்கட்டும், தரைத் தகட்டில் அல்ல. அப்புறம், வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது; முதலில் ஆர்டிஓவில் கேளுங்கள்.