டிப்ளோமா இருக்கு, வேலை எங்கே?

பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் 22 ஆண்டு இருந்தேன். டிப்ளோமா முடித்தும் வேலையில்லாமல் இருப்பவர்கள் கேட்டதில் சில இங்கே.

அக்கா, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்து எட்டு மாதம். ஐம்பது இடத்துக்கு அனுப்பியும் ஒருவரும் கூப்பிடவில்லை. (பட்டர்வொர்த்)

உங்கள் ரெசுமேயைப் பார்த்தேன் தம்பி. முதல் வரியே 'கடின உழைப்பாளி'. இதை எழுதாத ஆளே இல்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில், பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) வைத்து கன்வேயர் ஓட்டியதாக ஒரு வரி கிடக்கிறதே, அதுதான் சரக்கு. அதை மேலே ஏற்றுங்கள். எதை அளந்தீர்கள், எது எரிந்துபோனது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மூன்று வரி போதும். நான் பார்த்த நேர்முகங்களில் சூப்பர்வைசர் ஒரு போர்டையும் மல்டிமீட்டரையும் மேசையில் வைத்து, "எங்கே பவர் வரலை, பார்" என்பார். டிகிரி வைத்திருந்தவர்களே அங்கே முழித்திருக்கிறார்கள். அப்புறம், நீங்கள் அனுப்பிய பாதி இன்ஜினியர் வேலை. டெக்னீஷியன் வேலைக்கு அனுப்புங்கள், ஷிப்டுக்குத் தயார் என்றும் எழுதுங்கள்.

ஆள்குறைப்பு என்கிறார்கள். ஆனால் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மூன்று வருடம் வேலை செய்தேன். (பிறை)

போடாதீர்கள். சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதித் திட்டத்துக்கு மாதாமாதம் உங்கள் சம்பளத்திலும் பிடித்திருக்கிறார்கள். தானாக வேலையை விட்டவருக்கு அதில் பணம் கிடையாது. ஆள்குறைப்பு என்று கடிதம் வாங்கினால், முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவீதம், அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30 என்று அதிகபட்சம் 6 மாதம் வரும். 2,500 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் முதல் மாதம் சுமார் 2,000. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தே அந்த 60 நாளைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே மிரட்டி வாங்கிவிட்டார்களா? தொழில் உறவுத் துறையில் புகார் செய்யவும் அதே 60 நாள்தான்.

என் மகள் டிப்ளோமாவை வைத்துக்கொண்டு பபிள் டீ கடையில் நிற்கிறாள். 1,700 வெள்ளி. சொந்தக்காரர்கள் கேட்டால் கூசுகிறது. (ஜார்ஜ் டவுன்)

கூச வேண்டாம்மா. 1,700 என்பது 2025 முதல் நாட்டின் குறைந்தபட்ச சம்பளம். ஒன்று மட்டும் பாருங்கள்: கடைக்காரர் இபிஎப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ கட்டுகிறாரா? கட்டாவிட்டால் அதுதான் பிரச்சினை, பபிள் டீ அல்ல. வாரத்தில் இரண்டு மாலை அரசின் வேலைதேடும் தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் அவள் படிப்புக்கேற்ற வேலை தேடட்டும்.

டிகிரி சேர்ந்துவிடட்டுமா?

வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். கடனோடு அதே வரிசையில்தான் வந்து நிற்பீர்கள். வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பது வேறு கதை.

மாண்டரின் தெரிந்தால்தான் எடுப்பார்களாமே?

சில இடத்தில் அப்படித்தான். விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். எனக்கும் எரிச்சல்தான். பெரிய ஆலைகளில் என் அனுபவத்தில் ஆங்கிலமும் மலாயும் போதுமாக இருந்தது. முதலில் அங்கே அனுப்புங்கள்.