பாக்கின் பாடகர்கள் எத்தனை பேர்? கேள்வி பதில்

கேள்வி: இசை ஆய்வாளரே இசைக்குழு நடத்துநராகவும் இருப்பதால் என்ன பயன்?

பதில்: அமெரிக்கரான ஜோஷ்வா ரிஃப்கினைப் பாருங்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மத்தேயு பாடுகள் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசைப்படைப்பு) 1729இல் அரங்கேறியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டபோது, அது 1727க்குரியது என்று 1975இல் வாதிட்டவர் அவர். பாக் காலத்தில் ஒவ்வொரு பாடகருக்கும் தனித்தனியே எழுதிய கையெழுத்துப் படிகளை அதே கூர்மையுடன் ஆராய்ந்து, சேர்ந்திசையின் நான்கு குரல்களுக்கும் (சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்) குரலுக்கு ஒருவரே பாடினார் என்று முடிவுசெய்து, பாக்கின் வழிபாட்டு இசைப்படைப்பான பி மைனர் மாஸை 1981இல் பாஸ்டனில் அவ்வாறே பாடவைத்தார். மறுஆண்டு இசைத்தட்டும் வந்தது.

கேள்வி: பழைய சுருதி 415 ஹெர்ட்ஸ் (இன்றைய 440ஐ விடத் தாழ்ந்தது) தானே?

பதில்: அது இன்றைய இசைக்குழுக்கள் வசதிக்காக ஏற்ற அளவு. ஊருக்கு ஊர் சுருதி மாறியது; பாக் பணியாற்றிய லைப்சிக் நகரில் தேவாலய ஆர்கன் உயர்ந்த சுருதியில் இருந்ததால் அதற்குரிய படியை ஒரு முழுச்சுரம் இறக்கி எழுதினார்கள்.

கேள்வி: 1730இல் நகரமன்றத்துக்கு எழுதிய மனுவில் பாக்கே 12 பாடகர்களைக் கேட்டாரே! ரிஃப்கின் அதை மறைக்கிறாரா?

பதில்: மறைக்கவில்லை, முழுவதையும் படிக்கிறார். குரலுக்கு மூவர் வேண்டும், நால்வர் இருந்தால் இன்னும் நல்லது என்று எழுதும் பாக், யாராவது நோயுற்றாலும் இரட்டைக் குழு மோட்டெட்டையாவது (நான்கு குரல் கொண்ட இரு குழுக்கள் பாடும் தேவாலயப் பாடல்) பாட முடியவேண்டும் என்று காரணமும் சொல்கிறார். குரலுக்கு ஒருவர் படுத்துவிட்டால் எஞ்சுவோர் எட்டுப் பேர். இரட்டைக் குழுவுக்கு எட்டுக் குரல்கள். ஆக, அவர் கேட்டது கையிருப்பில் இருக்கவேண்டிய ஆள்பலம் என்பதே ரிஃப்கின் தரப்பின் வாசிப்பு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எல்லாப் பகுதிகளும் சேர்ந்த அச்சிட்ட ஸ்கோரை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பாடகர் கையிலிருந்த படியைப் பாருங்கள்.

கேள்வி: ஒரே படியை மூவர் பகிர்ந்திருக்கலாமே? டச்சு இசைக்குழு நடத்துநர் டான் கூப்மானும் ரிஃப்கினை ஏற்கவில்லை.

பதில்: கூப்மானின் மறுப்பு மதிக்கத்தக்கது. ஆனால் தனிப்பாடலும் சேர்ந்திசையும் ஒரே படியில் தொடர்ந்து வரும்போது, உடன்பாடுபவர் எங்கே நிறுத்தவேண்டும் என்ற குறிப்பு பொதுவாக அதில் இல்லை. கூடுதல் குரல்கள் தேவைப்பட்ட யோவான் பாடுகளுக்கோ துணைப்பாடகர்களுக்கெனத் தனிப்படிகளே எழுதப்பட்டன. அங்கும் சேர்ந்திசை பாடியவர்கள் மொத்தம் எட்டுப் பேர்தான். மறுபடியும் சொல்கிறேன், படிகளைப் பாருங்கள்.

கேள்வி: 415இல் பாடினால்தான் பழைமைக்கு உண்மையானதா?

பதில்: சுருதி பற்றி முன்பே பதில் சொல்லிவிட்டேன்.





கேள்வி: நால்வர் குரல் வாத்தியங்களை மீறிக் கேட்குமா?

பதில்: குடல்நரம்புத் தந்திகள் பூட்டிய சிறு குழுவுடன் கேட்கும். இன்றைய பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு முன் நால்வரை நிறுத்தினால் அமுங்கிப்போவார்கள். ஆகவே பாடகர்களைக் குறைப்பவர்கள் வாத்தியங்களையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.